ஓட்டு போடுறதுக்கு முன்னாடியே முடிவான தேர்தலா? அமெரிக்காவின் ஜார்ஜியா 48-வது செனட் தொகுதியில் நடந்தது என்ன?

ஒரு பக்கம் தமிழ்நாட்டு வேர் கொண்ட 25 வயது இளைஞர். இன்னொரு பக்கம் டொனால்ட் டிரம்ப்போடு சேர்த்து ஒரே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட செனட்டர். 2024 நவம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த இந்தப் போட்டியை நம்ம ஊர் ஊடகங்களும் கவனித்தன. முடிவில் வென்றது செனட்டர்தான். ஆனால் அந்த முடிவுக்கான பாதி வேலை 2021-லேயே முடிந்துவிட்டது என்றால் நம்புவீங்களா? தொகுதியின் எல்லைக்கோடு ஒரு தேர்தலை எப்படி மாத்தும்? எளிமையா பார்க்கலாம்.

முதல்ல, எந்த செனட்?

'செனட்டர்' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வாஷிங்டன். அங்கே இருக்கும் அமெரிக்க செனட்டில் 100 பேர், மாநிலத்துக்கு 2 பேர் வீதம். நாம பேசப்போறது அது இல்ல.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி சட்டமன்றம் உண்டு. நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் அதற்கு இரண்டு அவைகள். ஜார்ஜியாவின் தலைநகர் அட்லாண்டாவில் இருக்கும் சட்டமன்றத்தில் கீழவைக்கு 180 பேர், மேலவையான மாநில செனட்டுக்கு 56 பேர். எல்லோரையும் மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் வெறும் 2 ஆண்டுகள். அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 56 இடங்களுக்கும் தேர்தல் வரும்.

2020 மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி ஜார்ஜியாவில் 1 கோடியே 7 லட்சம் பேர். 56 ஆல் வகுத்தால் ஒரு செனட் தொகுதிக்குச் சுமார் 1 லட்சத்து 91 ஆயிரம் பேர்.

இந்த அவைக்கு என்ன அவ்வளவு முக்கியத்துவம்?

நிறைய. அமெரிக்காவில் மக்களின் அன்றாட வாழ்க்கையைத் தொடுகிற பல சட்டங்கள் மாநிலங்களில்தான் எழுதப்படுகின்றன.

கருவில் இதயத்துடிப்பு தெரிந்த பிறகு, அதாவது ஏறக்குறைய 6 வாரத்துக்குப் பிறகு, பெரும்பாலான கருக்கலைப்புகளுக்குத் தடை போடும் சட்டத்தை 2019-ல் ஜார்ஜியா சட்டமன்றம் நிறைவேற்றியது. 2022 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. தேர்தல் விதிகளும் இங்கேதான் முடிவாகின்றன. 2021 மார்ச்சில் வந்த சட்டம் தபால் ஓட்டுக்கான அடையாளச் சான்று விதிகளை இறுக்கியது. வாக்குச்சாவடி வரிசையில் நிற்கிறவங்களுக்கு அடுத்தவர் தண்ணீர், உணவு கொடுப்பதற்கும் கட்டுப்பாடு போட்டது. பள்ளிக்கூடம், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடு, துப்பாக்கி என்று பட்டியல் நீளும்.

இதையெல்லாம் தாண்டி இன்னொரு அதிகாரமும் இருக்கு. அடுத்த 10 ஆண்டுகளுக்கு எந்தத் தெரு எந்தத் தொகுதியில் வரும் என்று கோடு போடுவதும் இதே சட்டமன்றம்தான். இந்தியாவில் தொகுதி எல்லையை மறுவரையறை ஆணையம் வரையும். ஜார்ஜியாவில் எம்எல்ஏக்களும் செனட்டர்களும் தங்கள் தொகுதியைத் தாங்களே வரைந்துகொள்கிறார்கள். ஆளுநர் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

48-வது தொகுதியின் கதையே இங்கிருந்துதான் தொடங்குது.

16 வருஷம் அசையாத தொகுதி

அட்லாண்டாவுக்கு வடக்கே, நகரத்தின் பரபரப்பு குறைந்து பெரிய வீடுகளும் நல்ல பள்ளிகளும் தொடங்கும் புறநகர்ப் பகுதி இது. ஜான்ஸ் கிரீக் என்ற ஊர் இதன் முக்கியமான பகுதி. 2002 முதல் 2018 வரை இங்கே செனட்டராக இருந்தவர் குடியரசுக் கட்சியின் டேவிட் ஷேஃபர். செனட்டின் இடைக்காலத் தலைவர் பதவி வரைக்கும் போனவர். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி மறுபடியும் வருவார்.

2018-ல் துணை ஆளுநர் பதவிக்குப் போட்டியிடுவதற்காக அவர் செனட் பதவியை விட்டார். கட்சிக்குள் நடந்த இறுதிச்சுற்றில் மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் தோற்றும் போனார். அதே ஆண்டு நவம்பரில் அவர் விட்டுப்போன தொகுதியும் கட்சியின் கையை விட்டுப் போனது. விமானப்படையில் பணியாற்றிய வழக்கறிஞரான ஸாரா கரின்ஷாக், ஜனநாயகக் கட்சி சார்பில் வென்றார்.

எப்படி? எல்லைக்கோடு மாறவில்லை. கோட்டுக்குள் இருந்த மக்கள் மாறியிருந்தார்கள். ஐடி வேலை, மருத்துவம், ஆராய்ச்சி என்று இந்தியர்கள், கொரியர்கள், சீனர்கள் இந்தப் புறநகருக்குக் குடிவந்தார்கள். கறுப்பின, லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் அதிகரித்தன. கல்லூரி படித்த வெள்ளையின வாக்காளர்களில் ஒரு பகுதியினர் டிரம்ப் காலத்தில் குடியரசுக் கட்சியிடமிருந்து விலகினார்கள்.

2020-ல் கரின்ஷாக் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடப் போனார். அவருடைய இடத்தில் நின்றவர் மயக்கவியல் மருத்துவரான மிஷெல் ஆவ். 2018-ல் தோற்ற அதே குடியரசுக் கட்சி வேட்பாளர் மேட் ரீவ்ஸைத் தோற்கடித்து, ஜார்ஜியா செனட்டுக்குத் தேர்வான முதல் ஆசிய அமெரிக்கப் பெண் ஆனார். ஆசியர்கள் மீது அதிகரிக்கும் வெறுப்புத் தாக்குதல்கள் குறித்து 2021 மார்ச் 15 அன்று அவர் அவையில் எச்சரித்துப் பேசினார். மறுநாளே அட்லாண்டா பகுதியின் மசாஜ் நிலையங்களில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 8 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் 6 பேர் ஆசியப் பெண்கள். ஆவின் பேச்சு நாடு முழுவதும் பரவியது.

அதே ஆண்டு இறுதியில் அவருடைய தொகுதி காணாமல் போனது.

பேர் அதே, தொகுதி வேற

2020 கணக்கெடுப்புக்குப் பிறகு, 2021 நவம்பரில் ஜார்ஜியா சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டது. இரண்டு அவைகளிலும் குடியரசுக் கட்சிக்குப் பெரும்பான்மை, ஆளுநர் பிரையன் கெம்ப்பும் அதே கட்சி. புதிய வரைபடத்தில் 48 என்ற எண் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த மக்களில் பெரும் பகுதி மாறிவிட்டார்கள்.

பழைய தொகுதியில் இருந்த குவின்னெட் மாவட்டத்தின் பெரும்பகுதி வெட்டப்பட்டது. அது பல இனத்தவர் கலந்து வாழும், ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டு விழும் பகுதி. அதற்குப் பதிலாக வடக்கே இருக்கும் ஃபோர்சைத் மாவட்டத்தின் தென்பகுதி ஒட்டப்பட்டது. அது நீண்ட காலமாகவே குடியரசுக் கட்சியின் கோட்டை.

ஃபோர்சைத்துக்கு ஒரு கசப்பான வரலாறும் இருக்கு. 1912-ல் அங்கே வாழ்ந்த சுமார் 1,100 கறுப்பின மக்கள் வன்முறையால் மொத்தமாகத் துரத்தப்பட்டார்கள். அதன்பிறகு பல தலைமுறைகளுக்கு ஏறக்குறைய வெள்ளையர் மட்டுமே வாழும் மாவட்டமாக இருந்தது. 1987-ல் அங்கே நடந்த சிவில் உரிமைப் பேரணி மீது கற்கள் வீசப்பட்டன, செய்தி உலகம் முழுக்கப் போனது. இன்று அதே மாவட்டத்தின் தென்பகுதியில் இந்தியக் குடும்பங்கள் ஏராளம். ஆனால் 2021-ல் கோடு வரையும்போது அந்த மாற்றம் தேர்தல் முடிவை மாற்றும் அளவுக்கு வளர்ந்திருக்கவில்லை.

2021 டிசம்பர் 30 அன்று ஆளுநர் கையெழுத்திட்டார். மிஷெல் ஆவ் புதிய 48-ல் நிற்கவில்லை. கீழவைக்கு மாறி, 2022-ல் ஜான்ஸ் கிரீக்கைச் சேர்ந்த 50-வது தொகுதியில் வென்றார். செனட் 48-ஐ குடியரசுக் கட்சியின் ஷான் ஸ்டில் பிடித்தார்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லணும். ஜார்ஜியாவில் மக்கள்தொகை சீராக வளரவில்லை. தெற்கே கிராமப்புறங்கள் தேய்ந்தன, அட்லாண்டா புறநகர் வீங்கியது. கோட்டை மாற்றித்தான் ஆகணும். தெற்கே இருந்த ஒரு தொகுதியின் எண்ணைத் தூக்கி குவின்னெட்டில் புதிய தொகுதியும் உருவாக்கினார்கள், அது ஜனநாயகக் கட்சிக்கே போனது. ஆக மொத்தக் கணக்கில் குடியரசுக் கட்சி 34-லிருந்து 33 ஆனது, ஜனநாயகக் கட்சி 22-லிருந்து 23 ஆனது. நாங்கள் நியாயமாகத்தான் வரைந்தோம் என்பதற்கு ஆளுங்கட்சி இதைக் காட்டியது. கைநழுவிய 48-ஐ மீட்டு, எப்படியும் இழக்கப்போகும் ஓட்டுகளை வேறு தொகுதிக்குள் அடைத்துவிட்டார்கள் என்பது எதிர்க்கட்சியின் பதில்.

கோடு போட்டு ஜெயிக்கிறது எப்படி?

கணக்கு ரொம்ப சிம்பிள். 50 வாக்காளர்கள், 5 தொகுதிகள், தொகுதிக்கு 10 பேர் என்று வைத்துக்கொள்வோம். 30 பேர் மஞ்சள் கட்சி, 20 பேர் நீலக் கட்சி. நியாயமா பார்த்தா மஞ்சளுக்கு 3, நீலத்துக்கு 2 வரணும்.

மஞ்சள் கட்சி கோடு போட்டால்? நீல ஓட்டுகளை எல்லாத் தொகுதியிலும் சமமாகச் சிதறடிக்கும். ஒவ்வொன்றிலும் 6-க்கு 4. முடிவு: 5-க்கு 0.

நீலக் கட்சி கோடு போட்டால்? முதல் இரண்டு தொகுதிகளில் 9 மஞ்சள், 1 நீலம் என்று எதிராளியை மூட்டை கட்டி அடைக்கும். மீதி இருப்பது 12 மஞ்சள், 18 நீலம். அதை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 6-க்கு 4 என நீலம் ஜெயிக்கும். சிறுபான்மைக் கட்சிக்கு 5-ல் 3 இடம்!

ஒரு ஓட்டுகூட மாறவில்லை. கள்ள ஓட்டும் இல்லை. கோடு மட்டும்தான் மாறியது. இப்போதெல்லாம் கணினி மென்பொருளில் தெரு வாரியாகப் பழைய தேர்தல் முடிவுகளைப் போட்டுப் பார்த்துக் கோடு வரைகிறார்கள். அதனால் குறி தப்புவது குறைவு.

இதற்கு அமெரிக்காவில் 'ஜெர்ரிமேண்டரிங்' என்று பெயர். இந்தச் சொல்லே ஒரு மாநில செனட் தொகுதியால்தான் பிறந்தது. 1812-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி, தன் கட்சிக்குச் சாதகமாக வரையப்பட்ட செனட் வரைபடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அதில் எசெக்ஸ் மாவட்டத்தில் வளைந்து நெளிந்த ஒரு தொகுதி 'சாலமாண்டர்' என்ற பல்லி மாதிரி உயிரினத்தைப் போல இருந்தது. ஜெர்ரியையும் சாலமாண்டரையும் சேர்த்து பாஸ்டன் பத்திரிகை ஒன்று கேலிச்சித்திரம் போட, பெயர் நிலைத்துவிட்டது.

இது ஒரு கட்சியோட தப்பு மட்டுமா?

இல்லை. இதே ஜார்ஜியாவில் 2001-ல் கோடு போட்டது ஜனநாயகக் கட்சி. தங்களுக்கு ஓட்டு விழும் தொகுதிகளில் மக்களைக் குறைவாகவும், எதிர்க்கட்சித் தொகுதிகளில் அதிகமாகவும் அடைத்தார்கள். அந்த வரைபடம் 'ஒருவருக்கு ஒரு ஓட்டு' என்ற கொள்கைக்கு எதிரானது என்று 2004-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்கு முன்பே அந்தத் திட்டம் கவிழ்ந்துவிட்டது. 2002 தேர்தல் முடிந்ததும் ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் 4 பேர் கட்சி மாறினார்கள். செனட் குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. இன்றுவரை திரும்பவில்லை.

இல்லினாய், மேரிலேண்ட் போன்ற மாநிலங்களில் இன்றும் ஜனநாயகக் கட்சிமேல் இதே குற்றச்சாட்டு இருக்கு. பேனா யார் கையில் இருக்கோ, கோடு அவங்க பக்கம் சாயும்.

1962: பெட்டியில் கை வைத்த காலம்

ஜார்ஜியா செனட் தேர்தலில் நடந்த பழைய மோசடி ஒன்றையும் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

1962 வரை ஜார்ஜியாவில் ஓட்டுகளை மாவட்ட வாரியாக எண்ணும் முறை இருந்தது. சிறிய கிராமப்புற மாவட்டத்துக்கு அட்லாண்டாவை விடப் பல மடங்கு செல்வாக்கு. நீதிமன்றம் அதைத் தடுத்ததும் செனட் தொகுதிகளை மக்கள்தொகை அடிப்படையில் புதிதாக வரைந்தார்கள். உடனே பலன் தெரிந்தது. அட்லாண்டாவின் ஒரு புதிய தொகுதியிலிருந்து லீராய் ஜான்சன் வென்றார். 1907-க்குப் பிறகு ஜார்ஜியா சட்டமன்றத்துக்குள் போன முதல் கறுப்பினத்தவர் அவர்தான். கோட்டை நியாயமாகப் போட்டால் அடைத்துக்கிடந்த கதவும் திறக்கும் என்பதற்கு இது சாட்சி.

அதே தேர்தலில், தென்மேற்கே 14-வது தொகுதியில் நின்றார் 38 வயது நிலக்கடலை விவசாயி ஒருவர். குவிட்மன் என்ற சின்ன மாவட்டத்தின் அரசியல் பெரும்புள்ளி அவருக்கு எதிராகப் பெட்டியை நிரப்பினார். செத்துப்போனவர்கள் பெயரிலும் ஓட்டு விழுந்தது. வாக்காளர்கள் அகரவரிசைப்படி வந்து ஓட்டுப் போட்டதாகப் பதிவு இருந்தது! தோற்றதாக அறிவிக்கப்பட்ட அந்த விவசாயி விடவில்லை. அட்லாண்டா செய்தித்தாளின் நிருபர் ஜான் பென்னிங்டன் விஷயத்தைத் தோண்டி எழுதினார். வழக்கு, மறு எண்ணிக்கை எல்லாம் தாண்டி 1963 ஜனவரியில் அவர் செனட்டில் பதவியேற்றார். அவர் பெயர் ஜிம்மி கார்ட்டர். 14 ஆண்டுகள் கழித்து அமெரிக்க அதிபர்.

அன்று கார்ட்டரால் மோசடியை நிரூபிக்க முடிந்தது. செத்தவர் பெயர், பெட்டி, அதிகப்படியான சீட்டு என்று கையில் ஆதாரம் இருந்தது. வரைபடத்தால் தோற்றவர் எதைக் காட்டுவார்? எல்லாமே சட்டப்படி நடந்திருக்கும்.

2024: இவ்வளவு இருந்தும் ஏன் மாறல?

இப்போ மறுபடியும் 48-வது தொகுதிக்கு வருவோம்.

2020 அதிபர் தேர்தலில் ஜார்ஜியாவில் ஜோ பைடன் 11,779 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். ஓட்டுகள் மூன்று முறை எண்ணப்பட்டன. இருந்தும் 2020 டிசம்பர் 14 அன்று அட்லாண்டா தலைமைச் சட்டமன்றக் கட்டடத்தில் 16 குடியரசுக் கட்சியினர் கூடி, டிரம்ப் வென்றதாகச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்கள். 'போலி எலெக்டர்கள்' என்று பேசப்பட்டது இவர்களைத்தான்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் அப்போது மாநிலக் கட்சித் தலைவராக இருந்த டேவிட் ஷேஃபர். ஆமா, அதே 48-வது தொகுதியின் முன்னாள் செனட்டர். செயலாளராகக் கையெழுத்துப் போட்டவர் ஷான் ஸ்டில். அதே தொகுதியின் அடுத்த செனட்டர்.

2023 ஆகஸ்ட் 14 அன்று ஃபுல்டன் மாவட்ட நீதிமன்றத்தில் டிரம்ப் உட்பட 19 பேர்மீது குற்றச்சாட்டு பதிவானது. ஷேஃபர், ஸ்டில் இரண்டு பேரும் அதில் உண்டு. நிலுவையில் இருந்த வழக்கில் டிரம்ப் வென்றால் சட்ட வாய்ப்பு பறிபோகக் கூடாது என்பதற்காகத்தான் கையெழுத்திட்டோம், குற்றம் எதுவும் செய்யவில்லை என்பது அவர்கள் தரப்பு வாதம். ஸ்டில்லைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யலாமா என்று ஆராய மூவர் குழு அமைக்கப்பட்டது. தேவையில்லை என்று அது முடிவு செய்தது.

அவரை எதிர்த்து ஜனநாயகக் கட்சி சார்பில் களமிறங்கியவர்தான் அஸ்வின் ராமசாமி. ஜான்ஸ் கிரீக்கில் வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் 1990-ல் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா போனவர்கள். ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியல், ஜார்ஜ்டவுனில் சட்டம் படித்தவர். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையில் தேர்தல் பாதுகாப்புப் பணியில் இருந்தார். ஜார்ஜியா செனட்டராக 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். 24 வயதில் போட்டியை அறிவித்தார், தேர்தலுக்குள் 25 ஆகிவிட்டது.

தேர்தலைப் பாதுகாக்கும் வேலையில் இருந்தவர் ஒரு பக்கம், தேர்தல் முடிவை மாற்ற முயன்றதாக வழக்கைச் சந்தித்தவர் இன்னொரு பக்கம். பிரசாரத்துக்கு இதைவிட வேற என்ன வேணும்? தேசிய ஊடகங்கள் வந்தன, நன்கொடை வந்தது, தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள்.

முடிவு? 10 சதவீதப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஷான் ஸ்டில் மீண்டும் வென்றார்.

இதற்குக் கோடு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அந்த ஆண்டு டிரம்ப் ஜார்ஜியாவைச் சுமார் 1 லட்சத்து 15 ஆயிரம் ஓட்டில் வென்றார், அந்த அலையும் உண்டு. இந்திய வம்சாவளி ஓட்டு மொத்தமாக ஒரே பக்கம் விழும் என்பதும் தப்புக்கணக்கு. ஆனால் 2018-லும் 2020-லும் ஜனநாயகக் கட்சி வென்ற பழைய எல்லைக்குள் இந்தப் போட்டி நடந்திருந்தால் ராமசாமி தொடங்கும் இடமே வேறாக இருந்திருக்கும்.

வழக்கு என்ன ஆனது? வழக்கைத் தொடுத்த அரசு வழக்கறிஞர் ஃபானி வில்லிஸ் 2024 டிசம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். பின்னர் பொறுப்பேற்ற வழக்கறிஞர் வழக்கைத் தொடர விரும்பவில்லை. 2025 நவம்பர் 26 அன்று நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஸ்டில், ஷேஃபர் யார்மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. முழு விசாரணையே நடக்கவில்லை.

48-வது தொகுதி: ஒரே பார்வையில்

- 2002–2018: டேவிட் ஷேஃபர், குடியரசுக் கட்சி
- 2018: ஸாரா கரின்ஷாக், ஜனநாயகக் கட்சி. பழைய கோடு, புதிய மக்கள்
- 2020: மிஷெல் ஆவ், ஜனநாயகக் கட்சி
- 2021 டிசம்பர்: கோடு மாற்றம்
- 2022: ஷான் ஸ்டில், குடியரசுக் கட்சி
- 2024: மீண்டும் ஷான் ஸ்டில்

கோர்ட்டுக்குப் போக முடியாதா?

போகலாம், ஆனால் எல்லாக் காரணத்துக்கும் முடியாது. கட்சி ஆதாயத்துக்காகக் கோடு போட்டதைப் பற்றிக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-ல் 5-க்கு 4 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. அதற்கு முன்பு, 2013-ல் வந்த இன்னொரு தீர்ப்பால் ஜார்ஜியா போன்ற மாநிலங்கள் வரைபடத்துக்கு மத்திய அரசின் முன் அனுமதி வாங்க வேண்டிய கட்டாயமும் போனது. அந்தக் கட்டாயம் இல்லாமல் வந்த முதல் மறுவரையறை 2021-ல் நடந்ததுதான்.

இன அடிப்படையில் வாக்குரிமையைப் பாதித்தது என்ற வழி மட்டும் இருந்தது. அந்த வழியில் 2023 அக்டோபரில் நீதிபதி ஸ்டீவ் ஜோன்ஸ் தீர்ப்பளித்தார். அட்லாண்டா சுற்றுப்பகுதியில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள மேலும் 2 செனட் தொகுதிகள் வேண்டும் என்றார். சட்டமன்றம் கூடி வரைந்தது. ஆனால் எப்படி? ஏற்கெனவே ஜனநாயகக் கட்சியிடம் இருந்த, வெள்ளையர் அதிகம் வாழும் தொகுதிகளை மாற்றி அமைத்தது. தீர்ப்பு நிறைவேறியது, நீதிபதியும் ஏற்றுக்கொண்டார். கட்சிக் கணக்கு? அதே 33–23. 2024 தேர்தலுக்குப் பிறகும் 33–23.

இந்த எண்ணைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 2020-ல் அதிபர் தேர்தலில் இரண்டு கட்சிகளும் ஏறக்குறைய சமம். 2024-ல் வித்தியாசம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல். ஆனால் செனட்டில் ஒரு கட்சிக்கு 100-க்கு 59 இடம். ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் நகரங்களில் நெருக்கமாக வாழ்வதும் ஒரு காரணம்தான். அது மட்டுமே காரணம் என்றால், கோடு போடும் உரிமைக்காக இரண்டு கட்சிகளும் இவ்வளவு சண்டை போடாது.

வேற மாநிலத்தில் மாறியிருக்கா?

மாறியிருக்கு. இரண்டு உதாரணம்.

மிச்சிகனில் 2018-ல் மக்களே கையெழுத்துத் திரட்டி, வாக்கெடுப்பு நடத்தி, கோடு போடும் வேலையைச் சட்டமன்றத்திடமிருந்து பறித்துப் பொதுமக்கள் அடங்கிய ஆணையத்திடம் கொடுத்தார்கள். 2022-ல் புதிய எல்லைகளில் நடந்த முதல் தேர்தலிலேயே மாநில செனட் கிட்டத்தட்ட 40 ஆண்டுகளுக்குப் பிறகு கை மாறியது.

விஸ்கான்சினில் 8-வது செனட் தொகுதி இன்னும் தெளிவான பாடம். ஜனநாயகக் கட்சியின் ஜோடி ஹபுஷ் சினிகின் 2023 ஏப்ரல் இடைத்தேர்தலில் அங்கே நூலிழையில் தோற்றார். அந்த ஒரு வெற்றியால் குடியரசுக் கட்சிக்குச் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு பலம் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் பழைய வரைபடத்தை ரத்து செய்தது. 2024 நவம்பரில் புதிய எல்லையோடு வந்த அதே 8-வது தொகுதியில் அதே வேட்பாளர் வென்றார். செனட் கணக்கு 22–11-லிருந்து 18–15 ஆனது. குடியரசுக் கட்சியே பெரும்பான்மை, ஆனால் போட்டி திரும்பிவிட்டது.

ஜார்ஜியாவில் மிச்சிகன் வழி கிடையாது. மக்களே கையெழுத்துத் திரட்டிச் சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் உரிமை அந்த மாநிலத்தில் இல்லை. அரசியலமைப்பைத் திருத்தணும்னா இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதாவது இந்தக் கோடுகளால் வென்று வந்தவர்களே இந்தக் கோடுகளை மாற்ற ஒப்புக்கொள்ளணும்.

இனி எதைக் கவனிக்கணும்?

முதலாவது, 2026 நவம்பர். ஜார்ஜியாவின் 56 செனட் இடங்களுக்கும் தேர்தல். 48-வது தொகுதியில் யார் ஜெயிக்கிறார் என்பதோடு, ஃபோர்சைத் பகுதியில் ஓட்டு எப்படி விழுகிறது என்றும் பாருங்க. 2011-ல் பாதுகாப்பாக வரையப்பட்ட தொகுதி 2018-ல் கைமாறியது குடிவந்த மக்களால். 2021 கோட்டுக்கும் அதே கதி வரலாம், வராமலும் போகலாம்.

இரண்டாவது, ஆளுநர் தேர்தல். அதுவும் 2026-ல்தான். சட்டமன்றம் நிறைவேற்றும் வரைபடத்தை ஆளுநர் தடுக்க முடியும். தடுப்பை மீறணும்னா 56 செனட்டர்களில் 38 பேர் ஆதரவு வேணும். 33 என்ற எண் அதற்குப் போதாது.

மூன்றாவது, 2030 கணக்கெடுப்பு. அதன் பிறகு மறுபடியும் பேனா எடுப்பார்கள். அப்போது அந்த அவையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை இடையில் வரும் செனட் தேர்தல்கள்தான் தீர்மானிக்கும். அதிபர் தேர்தல் அளவுக்கு யாரும் கண்டுகொள்ளாத, ஒரு தொகுதிக்கு 2 லட்சம் பேர்கூட இல்லாத இந்தச் சின்னத் தேர்தல்களுக்கு அமெரிக்கக் கட்சிகள் பணத்தை இறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.